ஜைல்ஸ் என் ரோஜாக்களைப் புகழ்ந்த கோடை

மே 14

மாடிப்படி இறங்கும்போது முழங்காலில் 'கடக்' என்று ஒரு சத்தம். சமையலறையிலிருந்து மோரீன், "மேஜர் ட்ராஸ்க் வர்றார், எதிரிங்கல்லாம் ஓடி ஒளிஞ்சுக்கோங்க" என்றாள். கட்டிய மனைவி!

ஏழு படங்களில் மேஜர் ட்ராஸ்க் என்ற பெயரில் கூரைவிட்டுக் கூரை தாவிய உளவாளி நான். சரி, தாவியது எனக்குப் பதிலாக ஒரு சண்டைக்காரர். ஆனால் தாவி முடித்ததும் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டது நானேதான். ஜனங்கள் அதற்குத்தான் கை தட்டினார்கள்.

எட்டாவது படத்தைப் பற்றி இன்னும் பேச்சு மூச்சில்லை. இந்நேரம் ஸ்டுடியோ டிரைவர் லென் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும்.

மே 22

பேப்பரில் ஒரு மூலையில் செய்தி. ட்ராஸ்க் படங்களை அடியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கப் போகிறார்களாம். 'புத்தம் புதிய மேஜர் ட்ராஸ்க்' வருகிறாராம். மீசை வைக்கச் சொல்வார்கள் போலிருக்கிறது. வைத்துக்கொண்டால் போயிற்று.

"ஜைல்ஸுக்குப் போன் பண்ணி நேராக் கேட்டுடேன்" என்கிறாள் மோரீன். தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, 'என்னைத் தூக்கிவிட்டாயா?' என்று கேட்பதா? இங்கிலீஷ்காரன் அப்படிக் கேட்பானா? நான் என்ன அமெரிக்கனா?

ஜூன் 3

ஜைல்ஸ் தானாகவே டீக்கு வந்தான். மழை வருமா வராதா என்று கால் மணி நேரம் பேசினோம். பிறகு தோட்டத்துக்குப் போய் ரோஜாக்களைப் பார்த்தான். புறப்படும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆர்ச்சி... நீங்க..." என்றான். "அந்த மஞ்சள் ரோஜா பிரமாதம்" என்று முடித்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டான்.

ஜூன் 11

ஜைல்ஸ் மறுபடியும். ரோஜாவும் மறுபடியும்.

ஜூன் 19

மூன்றாவது தடவை. இன்று அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரியே உக்காந்துட்டுப் போறான், ஸ்கோன் பன் மட்டும் நாலு உள்ள போகுது" என்றாள் மோரீன்.

மீசை நன்றாக வளர்கிறது. நரைதான் கொஞ்சம்.

ஜூன் 24

தையற்காரர் பர்டெட் போன் செய்தார். முதல் படத்திலிருந்து எனக்குத் தைப்பவர்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க கறுப்பு விருந்துக் கோட்டைப் புதுப் பையனுக்குத் திருத்தச் சொல்லியிருக்காங்க. தோள்ல கொஞ்சம் பிரிச்சு விடணும். இடுப்புல... இடுப்புல நிறையவே பிடிக்கணும். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம கத்தரி வைக்க மனசு வரல."

"தாராளமா வைங்க" என்றேன். குரல் மேஜர் ட்ராஸ்க்கின் குரல்தான், துளி நடுங்கவில்லை.

பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மீசையை மழித்தேன். அழுதேன். எழுதியாயிற்று, போதும்.

ஜூன் 25

மோரீன் நாள் முழுக்க ஜைல்ஸைத் திட்டினாள். கேட்க இதமாக இருந்தது.

ஜூலை 2

கோட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று லண்டனுக்குப் போனேன். (யாரை ஏமாற்றுகிறேன்? அவனைப் பார்க்கத்தான் போனேன்.)

கடையின் உள்ளறையில் ஒரு முக்காலிமேல் கையை விரித்து நின்றுகொண்டிருந்தான். உடம்பு முழுக்க குண்டூசி. என்னைக் கண்டதும் பதறி இறங்கப் பார்த்து, "ஆ!" என்று கத்தினான். "சார், நான் சும்மா... அளவெடுக்க ஆள் வேணும்னு வரச் சொன்னாங்க."

பெயர் கீரன். ஹல் ஊர்க்காரன். நாடகம் இல்லாத நாளில் வண்டியில் மேஜை பீரோ ஏற்றி இறக்குகிறான். மார்ச்சில் சோதனைக் காட்சி நடித்துக் கொடுத்தானாம். அதற்குப் பிறகு ஜைல்ஸ் 'சரி' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை.

"நீ போன் பண்ணிக் கேக்கலையா?"

"எப்படி சார் கேக்கறது? அவரே மூணு தடவை கூப்பிட்டாரு. எங்கம்மா வளர்க்கிற நாயைப் பத்தி அரை மணி நேரம் விசாரிச்சுட்டு வெச்சுட்டாரு."

எனக்கு ரோஜா, இவனுக்கு நாய்! அப்போதுதான் புரிந்தது. எனக்கு 'இல்லை' சொல்லாமல் இவனுக்கு 'ஆமாம்' சொல்வது முறையல்லவே. அதனால் இருவருக்குமே சொல்லாமல் திரிகிறான் ஜைல்ஸ்.

"கிளாஸ்கோவில ஒரு நாடகம் வந்திருக்கு சார். ஒரு வருஷ வேலை. நாளைக்குள்ள பதில் சொல்லணும். ஒத்துக்கப் போறேன். இது எனக்கு இல்லன்னு தோணிடுச்சு."

நான் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் போதும். இவன் கிளாஸ்கோ போயிருப்பான். படப்பிடிப்பு நாள் நெருங்கும், ஆள் இருக்காது, லென் வாசலில் வந்து நிற்பான். ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடமா? நன்றாகவே நினைத்தேன்.

ஆனால் கோட்டு அவனுக்கு அப்படிப் பொருந்தியிருந்தது. வயிற்றெரிச்சலாக இருந்தது.

"கிளாஸ்கோவுக்கு முடியாதுன்னு சொல்லிடு. நீதான் ட்ராஸ்க்."

"யார் சார் சொன்னது?"

"நான் சொல்றேன். இதுவரைக்கும் ட்ராஸ்க் நான்தானே? வேற யார் சொல்லணும்?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும்தான். பர்டெட் வாயில் ஊசிகளோடு, அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல் தன் கடைத் திரைச்சீலையை ஆராய்ந்தார்.

ஜூலை 3

ஜைல்ஸுக்குப் போன் செய்தேன். "நான் விலகிக்கறேன். பையன்கிட்டயும் சொல்லியாச்சு" என்றேன்.

மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ரோஜால்லாம் எப்படியிருக்கு ஆர்ச்சி?" என்றான். பாவம், விசும்பிக்கொண்டே கேட்டான்.

ஆகஸ்ட் 18

விளம்பரம் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். நாய்க்குப் போடும் சோப்பு. வசனமெல்லாம் நாய்க்குத்தான்.

அக்டோபர் 5

நாளை படப்பிடிப்பு ஆரம்பம். எனக்கொன்றுமில்லை. கேக் நன்றாயிருந்தது, இரண்டு துண்டு தின்றேன். எனக்கொன்றுமில்லை.

அக்டோபர் 6

விடியுமுன்பே விழிப்பு வந்துவிட்டது. முதல் நாள் படப்பிடிப்பு என்றால் உடம்பு தானாக எழுந்துகொள்கிறது. டிரெஸ்ஸிங் கவுனோடு வாசலுக்கு வந்தால், லென்னுடைய கார் நிற்கிறது! கீரன் அதிலிருந்து இறங்கி ஓடிவந்து, "சார், உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு..." என்று ஆரம்பித்தான். மீதியை மஞ்சள் ரோஜாச் செடியில் கக்கினான்.

"மன்னிச்சுடுங்க சார்."

"பரவாயில்ல. என் முதல் நாள்ல, அப்போ தயாரிப்பாளரா இருந்த ஜைல்ஸோட அப்பா தொப்பியிலயே நான் வாந்தி எடுத்தேன்."

சிரித்தான். முகத்துக்குக் கொஞ்சம் களை திரும்பியது. லென் பழக்க தோஷத்தில் பின்கதவை எனக்குத் திறந்து பிடித்து, "ஏறுங்க சார், நேரமாச்சு" என்றான். நானும் பழக்க தோஷத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் மூவருக்கும் உறைத்தது. லென் வானத்தைப் பார்த்தான். கீரன் சத்தமில்லாமல் சுற்றி வந்து, மறுபக்கம் ஏறி ஓரமாக ஒடுங்கிக்கொண்டான். லென் காரைக் கிளப்பினான். அப்படியே ஸ்டுடியோவரை போயிருப்போம், சத்தியமாக.

மாடி ஜன்னல் திறந்தது. "ஆர்ச்சி! இறங்கு! உனக்கு இன்னிக்கு ஷூட்டிங் இல்ல!"

இறங்கினேன். தெருமுனை திரும்பும்வரை கையாட்டினேன். பிறகு ஒரு வாளித் தண்ணீர் எடுத்து ரோஜாச் செடியைக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை ஜைல்ஸ் டீக்கு வருகிறான்.