வெளியே எறிந்த பந்து

தம்பிக்கு,

இல்லை, அப்பா கத்தவில்லை. தலையில் மூன்றாவது அடி வாங்கியதும் நீ கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியை விட்டு விலகியதை, சனிக்கிழமை கோழி வறுத்துக்கொண்டே நான்தான் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

பிறகு ஆட்டம் தொடங்கியது. டிவியில் உன் இடத்தில், பந்தை எறிந்து கொடுக்கும் குவார்ட்டர்பேக்காக நின்ற பையன் அறுபது கெஜத்துக்கு எறிந்தான். பக்கத்து வீட்டு டெல்பர்ட் துள்ளினார்.

"பாத்தியா ராய், கையா அது, பீரங்கிடா! உன் மகன் பாதிப் பந்தைக் கோட்டுக்கு வெளியதானே எறிஞ்சான்!"

அடுத்த முறை அந்தப் பையன் பந்தை விடாமல் வைத்துக்கொண்டு நின்றான். எதிரணியில் மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். நொண்டியபடி எழுந்தான்.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெளிய எறிஞ்சா அதைத் தப்புக் கணக்குல சேர்த்துடுறானுங்க. ஆனா மேல வந்து விழறதுக்குள்ள பந்தை விட்டுடணும்யா. என் மகனுக்கு அது தெரியும். இப்பவும் சரியான நேரத்துலதான் விட்டிருக்கான்."

டெல்பர்ட் ஒரு கோழிக்காலை அப்பா தட்டில் வைத்தார்.

வீட்டுக்கு வா. நான் மாடிக்குப் போய் உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன்.

உன் அக்கா