பெஞ்சில் கிடைத்த கம்பளி

அன்பு வாயாடிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் அவரவர் மூட்டுவலியோடு நலம், நீ எந்த வலியும் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும்.

சிரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி. போன மாதம் பல் பிடுங்கிக்கொண்டு வரும் வழியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெஞ்சிலேயே தூங்கிப்போனேன். கண் விழித்தால் மேலே புதுக் கம்பளி, எதிரே பேனாவும் கையுமாக இரண்டு பேர். வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்கிறார்களாம். வாய் மரத்திருந்ததால் நான் கத்தியது எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை, பெயர் தெரியாத மூதாட்டி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மூதாட்டியாம், நான்! உன் அப்பா இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சிரிப்பு அதோடு சரி. நம் ஷெட்டில் மகளோடு தங்கியிருந்தாளே இஸ்திரிக்காரி, அவள் வீடில்லாதவர்களுக்குத் தரும் அரசாங்க அறைக்கு மனுப் போட்டு வரிசையில் இருந்தாள். முன்பு சொந்த வீடோ வாடகை வீடோ இல்லை என்றாலே போதும். இப்போது விதியை மாற்றிவிட்டார்கள், கணக்கெடுப்பன்று வெட்டவெளியில் படுத்திருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஷெட்டுக்குக் கூரை இருக்கிறதே, அவள் பெயரை அடித்துவிட்டார்கள். நான் விடுவேனா, கைப்பையை இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்கே போனேன். அந்த மூதாட்டி நான்தான், என் இடத்தை அவளுக்குக் கொடுங்கள் என்றேன். பதிஞ்சது பதிஞ்சதுதாங்க, நீங்க இடம் குடுக்காம வெளியில தள்ளியிருந்தா இந்நேரம் அவங்களுக்கு ரூம் கிடைச்சிருக்கும் என்று சொல்லிவிட்டாள் கிளார்க் அம்மா. பிறகு, விதியை மாற்றியதில் என்ன பலன் என்று ஆராய ஒருவர் தெருவுக்கு வந்தார். மனு பாதியாகக் குறைந்துவிட்டதாம், வீடில்லாதவர்களும் குறைந்துவிட்டார்களாம், முகமெல்லாம் பல். மனுப் போட முடியாதவங்க எங்க போனாங்க சார் என்று கேட்டேன். அது எங்க கேள்வியில இல்லீங்களே என்றார்.

நேற்று அவள் கிளம்பிவிட்டாள். நீங்க போகச் சொல்லமாட்டீங்கம்மா, அதான் நானே போறேன், அடுத்த கணக்குலயாவது என் மூஞ்சி தெரியட்டும் என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதே பெஞ்சுக்குப் போய்விட்டாள். அடுத்த கணக்கெடுப்புக்கு ஒரு வருஷம் இருக்கிறது, அதற்குள் விதி இன்னொரு முறை மாறாது என்று என்ன நிச்சயம்? போய்ப் பார்த்தேன். குழந்தை இருமுகிறது. திரும்பி வா என்றால் அறை போய்விடும், இங்கேயே இரு என்று எந்த வாயால் சொல்வேன்? வீட்டுக்கு வந்துவிட்டேன். இதற்கு விடிவு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறந்துவிடாதே. எங்கே இருந்தாலும் உன் தலைக்குமேல் கூரையும் வாய் நிறையப் பேச்சும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அரசாங்கக் கணக்கில் வீடில்லாத உன் அம்மா

பி.கு.: இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சொன்னேனே அந்தக் கம்பளி, இதை எழுதும்போதும் என் காலைச் சுற்றித்தான் இருக்கிறது. நல்ல கதகதப்பு.