நிலா நாளில் எனக்கும் ஒரு துண்டு

அக்கா,

கீழே சீனர் பலகாரக் கடையில் எள் வறுக்கிறார்கள். உங்கள் நிலாப் பண்டிகைக்கு அப்பம் சுடத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. நீ கண்ணை மூடியபிறகு வருகிற முதல் பண்டிகை. அந்த வாசனையில் சன்னலோரம் நின்றுவிட்டேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஒரே மாடியில் எதிரெதிர் வீடு நமக்கு. உனக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. இருவருக்கும் அரைகுறையாய் வந்த பர்மியத்தில் எவ்வளவு வம்பளந்திருப்போம்! இந்தப் பண்டிகையின் பெயர்களையும் அப்படித்தான் சொன்னாய். எட்டாம் மாதத்துப் பௌர்ணமி. உங்கள் கணக்கில் இலையுதிர் காலத்துக்கு நட்ட நடுவில் வருவதால் நடு இலையுதிர் நாள். ஊரில் அறுவடை முடிந்து நிலாவுக்கு நன்றி சொல்வார்களாம். ரங்கூனில் இலையும் உதிரவில்லை, கதிரும் அறுக்கவில்லை, மழைதானே கொட்டுகிறது என்று கிண்டல் செய்தேன். சிரித்துவிட்டு, உனக்குப் பிடித்த பெயர் வேறு என்றாய்: ஒன்றுசேரும் நாள். நிலா முழுசாக இருப்பதுபோல் வீடும் முழுசாக இருக்க வேண்டுமாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டாக அப்பத்தை வெட்டுவீர்களாம். கப்பலில் போனவனுக்கும் ஒரு துண்டு உண்டாம்.

அந்த வருஷம்தான் போட்டாதாங் துறையில் மூட்டை சரிந்து என் வீட்டுக்காரர் போனார். பிறகு நாத்தனாரின் மூத்த மகளுக்கு வளைகாப்பு வந்தது. என்னை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டாள். நான் தூக்கி வளர்த்த பெண்! சமையலறையில் உட்கார்ந்து வளையல் சத்தத்தை மட்டும் கேட்டேன். இனி நான் யார் கணக்கிலும் இல்லை என்று மனம் விட்டுப்போயிற்று.

அடுத்து வந்த உங்கள் பண்டிகைப் பௌர்ணமியன்று நீ வந்து கூப்பிட்டாய். தாலி இழந்தவள் சாமி முன்னால் வரக்கூடாது என்றேன்.

"நிலாவைக் கும்பிடுவது பெண்கள் வேலை. நீ பெண்தானே? வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாய்.

உன் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் மேசை, பம்ப்ளிமாஸ், சேப்பங்கிழங்கு, ஊதுவத்தி. நிலா மேகத்துக்குள். அங்கேதான் இருக்கிறது, எங்கே போய்விடும் என்று சொல்லி அப்பத்தை வெட்டினாய். உன் வீட்டில் ஐந்து பேர், துண்டுகள் ஆறு. புரட்டாசி, கவுச்சி தொடமாட்டேனே என்று தயங்கினேன். பன்றிக் கொழுப்பே சேர்க்காமல் மொத்த அப்பத்தையும் கடலை எண்ணெயில் செய்திருந்தாய்! ருசி பற்றவில்லை என்று உன் வீட்டுக்காரர் முனகினார். எல்லோரும் ஒரே அப்பத்தைத் தின்னாவிட்டால் இந்த நாளுக்கு இந்தப் பெயர் எதற்கு என்று கேட்டு அவர் வாயை அடைத்தாய். நான் அழுதுகொண்டே தின்றேன். உன்னைப்போல் ஒருத்தியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

போன மாதம் நாத்தனாரின் இளைய மகளுக்குக் கல்யாணம். வழக்கம்போல் உள்ளே போகச் சொல்லிக் கண் காட்டினாள். நான் போகவில்லை. மணவறைக்கு முன்னால் போய் நின்றேன். யாரோ முணுமுணுத்தார்கள். கல்யாணப் பெண் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தாள். இரண்டு கையாலும் அட்சதையை அள்ளிப் போட்டேன், அக்கா.