கண்ணாடிநாரின் மேல் ஓர் இரும்புப் பட்டை

இன்று காலை முட்டை லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. நாம் செய்த கண்ணாடிநார் (ஃபைபர் கிளாஸ்) ஸ்பிரிங்குக்கு மேலே, அதை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டுக்குள் திணித்து இறுக்கிய பழைய இரும்புப் பட்டை ஒன்று. இதை நீ பார்த்திருந்தால் ஒரு நிமிடம் வாயே திறந்திருக்க மாட்டாய், அப்புறம் திட்டுவதை நிறுத்தியிருக்கவே மாட்டாய். நீ இல்லாததால் இரண்டையும் நானே செய்ய வேண்டியதாயிற்று.

டிரைவர் அண்ணன் தலையைச் சொறிந்தார். கேரளாவுக்கு முட்டை ஏற்றியே தலை நரைத்தவர். "மொதலாளிக்குத் தெரியாதுங்க அம்மிணி. மனசு கேக்குலீங்க. லோடு வண்டிக்கு ஒரு பட்டை சேத்திப் போட்டாத்தானுங்க தைரியம்" என்றார்.

நாமக்கல்லில் எல்லா லாரிக்கும் நடப்பதுதான். சுமை கூடும் என்று தோன்றினால் பட்டறையில் நிறுத்தி ஒரு பட்டை சேர்த்துக்கொள்வார்கள். இரும்போடு இரும்பு சேர்ந்தால் பலம், சரி. கண்ணாடிநாரின் மேல் இரும்பு உரசினால்? ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நாரை அறுக்கும். மலைப்பாதை வளைவில் அது விட்டுப்போனால் வண்டிக்குள் இருக்கப்போவது அவர்தான். படபடவென்று எல்லாம் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டினார். ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை.

சேலத்தில் உலோகவியல் படித்த இரண்டு பெண்கள் நூலையும் பசையையும் வைத்து லாரிக்கு ஸ்பிரிங் செய்யப்போகிறார்களாம் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறதா? சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. முதலில் செய்தவை எல்லாம் யூ போல்ட் இறுக்குகிற இடத்திலேயே பிளந்தன. இடையில் ரப்பர் வைக்கலாம் என்று உனக்குத் தோன்றியது பரமத்தி வேலூர் பஸ்ஸில், விரலில் காய்ந்த ரெசின் பசையை உரித்துக்கொண்டிருந்தபோது. அடுத்த நிறுத்தத்திலேயே என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாய். உட்காரத் தெரியாத ஜென்மம் நீ. ஸ்பிரிங் தாங்க ஆரம்பித்ததும் அடுத்த கவலை வந்தது உனக்கு. "ஏம்புள்ள, இது பழசாப் போனா என்ன பண்றது? பழைய இரும்புக் கடைக்காரன்கூட எடுக்க மாட்டானே" என்று நச்சரித்தாய். அதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. நானும் நச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்கத்தான் ஆளில்லை.

மத்தியானத்துக்குள் அண்ணன் கோழிப்பண்ணைக்குப் போய் லோடு ஏற்ற வேண்டும். பட்டையை நானே கழற்றிப் போட்டாலும் அடுத்த பட்டறையில் மறுபடி மாட்டிக்கொள்வார். இரும்பைவிட இதை நம்பலாம் என்று கண் முன்னால் உடைத்துக் காட்டினால்தான் கேட்பார். ஆனால் எதை உடைப்பது? புதியவை அடுப்பில் பதமாகிக்கொண்டிருந்தன. கொட்டகையில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, நீ கடைசியாக நார் அடுக்கிய ஸ்பிரிங். அதன் ஓரத்தில் உன் கட்டைவிரல் அழுந்திய தடம் அப்படியே இருக்கிறது. அதை யார் கேட்டும் நான் கொடுத்ததில்லை. வாசலுக்கும் மூலைக்குமாக நடந்தேன். அவர்மேல் எரிச்சல் வந்தது. உன்மேல் அதைவிட.

முதலில் அவர் வண்டியில் கூடுதலாக வைத்திருந்த இன்னோர் இரும்புப் பட்டையை வாங்கி பிரஸ்ஸில் வைத்து அழுத்தினேன். வளைந்தது, வளைந்தது, சட்டென்று இரண்டாகப் போனது. அண்ணன் பின்வாங்கினார். அப்புறம் உன்னுடையது. அப்பளம் நொறுங்குவதுபோல் சின்னச் சின்னச் சத்தம் கேட்டது. அழுத்தினேன். இடையிடையே வெளுத்தது, பக்கவாட்டில் நார் பிரிந்தது, நடுவில் தொங்கியது. அப்போதும் இரண்டாகவில்லை.

"அட, சொல்லிப்போட்டுத்தான் உடையுதுங்களா?" என்றார்.

"ஆமாங்கண்ணா. மொதல்ல சத்தம் வரும், வண்டி ஒரு பக்கம் சாயும். ஓரங்கட்ட நேரம் இருக்குமுங்க. இரும்பு உரசி அறுத்துச்சுன்னா அந்த நேரம் கெடைக்காதுங்க."

கொஞ்ச நேரம் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவரே லாரிக்கு அடியில் போனார்.

எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டு உடைகிற ஒன்றைச் செய்யத்தானே நீ அத்தனை பாடுபட்டாய்? உன் உடம்பு விஷயத்தில் மட்டும் ஏனடி வாய் திறக்கவில்லை? மூச்சு வாங்கியபோது வெயில் என்றாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது காலையில் சாப்பிடவில்லை என்றாய். மறுநாள் நீ இல்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது, இன்றைக்கும்.

பட்டையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு அண்ணன் எழுந்தார். இடது தோளை அழுத்தித் தேய்த்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

"என்னங்கண்ணா தோள்ல?"

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி. ஸ்பேனர் புடிச்ச வலிங்க."

கையை உள்ளே விட்டு வண்டிச் சாவியை உருவிக்கொண்டேன். "முட்டை காத்துக்கிட்டிருக்கும். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம், எறங்குங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சாவியைக் கொடுக்கவில்லை.