நசுக்கிய எலுமிச்சம்பழம்

ஞாயிறு இரவு.

மூன்று முறை சோப்பு போட்டும் கையிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை.

மகள் ரேஸ் ட்ராக்கில் ஓட்ட, பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனோம். சிவப்பு நிறத்தைக் கண்டதுமே நான், பெரிய மேதாவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொல்லிவிட்டேன். பிறகுதான் அவள் டிக்கி விரிப்பைத் தூக்கினாள். கைவிட்டுப் பார்த்தேன். வெள்ளத்துச் சேறு, செத்த எலி. பிரேக் குழாயெல்லாம் துரு.

"பூஜை ஆயித்தல்லா சார்? இனி வேணாம்னா பொண்ணுக்கு ஆகாது," என்றான் கன்னடக்கார புரோக்கர்.

பயந்து, சரி என்று தலையாட்டினேன்.

"அப்பா, வளைவுல எலுமிச்சம்பழமா பிரேக் பிடிக்கும்? நடங்க," என்று இழுத்து வந்தாள்.

மார்க்கெட்டில் கத்திரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவன், பெற்ற பெண் உட்காரப்போகிற காருக்குத் தலையாட்டியிருக்கிறேன். த்தூ.