ஒரே வழி, இரண்டு ஜட்ஜ்

ஜூன் 10
நாள் முழுக்க கோர்ட் வராந்தாவில் நின்று ஒரு வரி கேட்டுவிட்டு வந்தேன். புது கோர்ட் திறந்திருக்கிறார்கள். ஒற்றைப்படை எண் வழக்கெல்லாம் இனி அங்கே. என் ஏலத்தோட்டத்துக்குப் போகும் வழியை மறித்து ரமேஷ்குமார் கேட் போட்டான். அதற்கு நான் போட்ட வழக்கு 117. அவன் நிலத்தில் நான் அத்துமீறுகிறேன் என்று அவன் போட்டது 132. ஒரே வழிக்கு இரண்டு ஜட்ஜ் - இது என்ன கூத்து?

ஜூன் 13
ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது. ஓடையைச் சுற்றி மூட்டையைச் சக்குபள்ளம் ரோட்டில் சேர்க்க முக்கால் மணி நேரம். கேட் வழியே ஐந்து நிமிடம்தான்.

ஜூன் 26
விசாரணைக்கு முன்னால் கோர்ட் அனுப்பும் ஆள் வந்து வழியைப் பார்க்க வேண்டும். மற்ற வழக்கு என்னாகிறதென்று பார்ப்போம் என்று என் ஜட்ஜ் தள்ளி வைத்தார். அவன் ஜட்ஜும் அதையே சொன்னார். பொறுக்க முடியவில்லை, எழுந்துவிட்டேன். "ஐயா, ரெண்டையும் ஒருத்தரே பாத்தா என்ன?" வக்கீல் இருக்கும்போது நீ ஏன் பேசுகிறாய் என்று அவன் ஜட்ஜ் மலையாளத்தில் கத்தினார்; இங்கே கோர்ட்டில் அதுதான் பேச்சு.

ஜூன் 27
என் வக்கீல் நர்மதா சொன்னாள்: "ரெண்டையும் ஒருத்தர்கிட்ட சேக்கச் சொல்லி மாவட்ட ஜட்ஜுக்கு மனு போடலாம்க்கா. ஆனா யாருகிட்ட சேப்பாங்கன்னு நம்ம கையில இல்ல. அந்தக் கோவக்காரர்கிட்டயே போனாலும் போகும்."
"போகட்டுமே. கடிச்சா வைக்கப் போறாரு?"
கத்தரீனாள் என்று தமிழிலேயே கையெழுத்துப் போட்டேன், கோட்டைத் தாண்டிப் பெரிதாக.

ஜூலை 15
ஆனைக்கரைக் கடையில் ரமேஷ்குமார். "என்னக்கா, ஜட்ஜையும் நீங்களே பொறுக்குவீங்களோ?"
"ஆளப் பொறுக்கல தம்பி. ஒரு ஆளு போதும்னுதான் கேட்டேன்."
வீட்டுக்கு வந்து மூட்டையை இரண்டு தடவை தப்பாக எண்ணினேன். கோபம்தான். சரி, கொஞ்சம் பயமும்.

ஜூலை 31
உத்தரவு வந்துவிட்டது. இரண்டு வழக்கும் ஒருவரிடம். அதே கோவக்காரரிடம்தான்.

ஆகஸ்ட் 19
ரமேஷ்குமாரின் வக்கீல் வாய்தா கேட்டார், கிடைக்கவில்லை. ஒரு தாளை விட்டுவிட்டு வந்த நர்மதாவுக்கும் திட்டு விழுந்தது. கோர்ட் ஆள் வழியைப் பார்த்துத் தரும் அறிக்கை இரண்டு வழக்குக்கும் ஒன்றே என்றார் ஜட்ஜ். விசாரணை நவம்பரில், நாள் தள்ளாமல். அதுவரை கேட்டில் பூட்டு தொங்கக் கூடாது. நன்றி சொல்ல எழுந்தேன். முறைத்தார். உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21
மூன்று மூட்டை. ரோட்டுக்கு ஐந்து நிமிடம். ரமேஷ்குமார் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டைச் சாத்தாமலே வந்தேன்.