கச்சேரிக்கு வரச் சொன்னேன்

அண்ணே,

இன்று மதியம் வயலின் வில்லுக்கு ரோசின் தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து மிளகு சூப்பின் வாசனை வந்தது. இரண்டும் கலந்து மூக்கில் ஏறினாலே என் கண் ஜன்னலோர மேசைக்குப் போய்விடுகிறது. இன்று அங்கே கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை உங்களுக்கென்று கேட்டு வாங்கி வைத்த இடம் அது.

நுவரெலியாவில் இந்தப் பழைய பங்களா ஹோட்டலை நீங்கள் பார்த்ததே இல்லை. சாப்பாட்டு அறையில் எட்டு மேசைதான். வெள்ளிக்கிழமை மதியங்களில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நாங்கள் நான்கு பேர் ஒரு மூலையில் உட்கார்ந்து மேற்கத்திய சங்கீதம் வாசிப்போம். மைக் கிடையாது. முதல் மேசையில் இருப்பவர் கை நீட்டினால் என் தோளைத் தொடலாம். செல்லோவின் அடித்தந்தி அதிரும்போது தட்டில் கிடக்கும் கரண்டியும் லேசாக நடுங்கும். மெதுவான பகுதி வந்ததும் சாப்பிடுகிறவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அது வாய்க்கிற நாளில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது.

உங்களுக்குப் பிடித்திருக்கும். டயகம தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தோம். மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்த ஒரே வயலினை மாற்றி மாற்றி வாசித்தோம். நான் கொழும்புக்குப் படிக்கப் போனேன், நீங்கள் தேயிலை பெக்டரிக்குப் போனீர்கள். லீவில் வந்து நான் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கிறது என்பீர்கள். ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வரும். நாலு பேர் சேர்ந்து வாசிப்பதைப் பற்றிச் சொன்னபோது, "ஒருநாளாச்சும் கிட்ட ஒக்காந்து கேக்கணும் தம்பி" என்றீர்கள்.

அதற்காகத்தான் அன்று போன் எடுத்தேன். இந்தச் சங்கீதத்துக்கு நம் பேச்சில் என்ன பெயர் சொல்வதென்று தெரியாமல், கொழும்புக்குப் பிறகு மதராசில் நாலு வருஷம் இருந்த பழக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கிழம கச்சேரிக்கு வந்துருங்க. ஒங்களுக்கு ஒரு எடம் எடுத்து வச்சிருக்கேன்."

"நெசமாவா தம்பி?" என்றீர்கள். இன்னொரு தரமும் அதையே கேட்டீர்கள். வயலின் கேட்க இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குள் லைன் வெட்டுப்பட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை உங்களுக்காக ஐந்து நிமிஷம் பிந்தித் தொடங்கினோம். ஜன்னலோர நாற்காலி காலியாகவே கிடந்தது. உங்கள் விருந்தாளி எங்கே என்று மேனேஜர் கேட்டபோது எனக்கு முகம் எரிந்தது. மோசமாக வாசித்தேன். இடைவேளையில் போன் அடித்தது. உங்கள் பெயர். சாக்குச் சொல்லத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்து ஓஃப் பண்ணினேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டீர்கள். அன்றும் எடுக்கவில்லை. என் வீம்பு தீர்வதற்குள் ஒரு மாதம் போனது. உங்களுக்கு நெஞ்சுவலி என்றார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

சாவு வீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, கச்சேரியில அப்பா பேர்ல எடம் ஒண்ணும் வரலன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒருக்கா கேட்டுப் பாக்குறீங்களா?"

எந்த இடம் என்று கேட்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் கச்சேரி என்றால் மாவட்டக் காரியாலயம். இந்த மண்ணில் பிறந்த எனக்கு அது ஞாபகம் வரவில்லை. லயத்தை விட்டு வெளியேறி வீடு கட்ட ஒரு துண்டு இடம் வேண்டுமென்று வருஷக்கணக்காக எழுதிக் கொடுத்துக் காத்திருந்த மனுஷனிடம், கச்சேரிக்கு வாங்க, இடம் எடுத்து வச்சிருக்கேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மீதியை அவள்தான் சொன்னாள். வெள்ளைச் சட்டை போட்டு, பத்திரங்களையெல்லாம் ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனீர்களாம். அங்கிருந்தவர்கள் பொறுமையாகவே தேடிப் பார்த்துப் பெயர் இல்லை என்றார்களாம். அங்கிருந்தே எனக்குப் போன் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியும் மூடும்வரை பெஞ்சில் இருந்துவிட்டு வந்து, "தம்பி சும்மா சொல்ல மாட்டான், நாந்தான் தேதிய மாத்திக் கேட்டுட்டேன்" என்றீர்களாம். அடுத்த வெள்ளிக்கிழமையும் போனீர்களாம்.

உங்கள் மகளிடம் அன்று நான் உண்மையைச் சொல்லவில்லை. விசாரிக்கிறேன் என்றேன். பிறகு சொன்னேன். அவள் அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது யாரை அழைத்தாலும் ஹோட்டல், சாப்பாடு, வயலின், நாற்காலி என்று ஒவ்வொன்றாக விளக்குகிறேன். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். மெதுவான பகுதியை வாசிக்கும்போது "நெசமாவா தம்பி?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

அந்தக் காரியாலயத்திலிருந்து எங்கள் ஹோட்டலுக்குப் பத்து நிமிஷ நடைதான் அண்ணே. நீங்கள் கூப்பிட்டபோது இரண்டாம் பாதி இன்னும் தொடங்கியிருக்கவில்லை.